காதிரைச்சலும் அதனை ஆளும் வகையும்

புறத்தே ஓசை எதுவும் எழாதிருக்க, ஒருவர் தம் காதினுள்ளே மட்டும் ஓர் ஓசையைக் கேட்பாராயின் அதனைக் காதிரைச்சல் என்கின்றோம். மேனாட்டு வைத்தியர் இதற்கு வழங்கும் ‘டினிற்றஸ்’ என்னும் பெயர், மணியொலித்தல் எனப் பொருள்படும் இலத்தீன் வினையடியாகப் பிறந்தது. ஆயுள்வேத நூலாகிய சுச்ருத சங்கிதை, உத்தரதந்திரத்திற் காதுநோய்கள் 28 எனத் தொகுக்குமிடத்து இதனையும் ஒன்றாக எண்ணுகின்றது. வடமொழி வைத்திய வழக்கில் இது ‘கர்ணநாதம்’ எனப்படும். ஆகவே இஃது இயந்திரங்களோடு வந்த புதுநோயன்று. எனினும் இதனைப்பற்றி நம்மவரிடையே வழங்கும் கருத்துகளிற் பல பிழையானவை. அப்பிழைகளால் உறக்கமும் பணமும் இழந்தோர் பலர். யானும் சிறிது காலம் அவ்வாறு அலைந்தவனாதலின், இம்மலருக்கு ஒரு கட்டுரை தருக எனக் கேட்கப்பட்டபோது, வழக்கமான இலக்கண ஆராய்ச்சியை ஒருபுறம் வைத்து இப்பொருளை எடுத்துக்கொண்டேன்.

பல நாடுகளிற் செய்யப்பட்ட ஆய்வுகளைத் தொகுத்து 2022 இல் வெளியான கணிப்பொன்று, வளர்ந்தோரில் நூற்றுக்கு ஏறத்தாழ 14 பேர் காதிரைச்சலை அறிந்தவர் என்றும், வளர்ந்தோர் அனைவருள்ளும் நூற்றுக்கு 2 பேரளவினர்க்கு அது கடுந்துன்பமாய் உள்ளது என்றும் கூறுகின்றது. அதாவது, வளர்ந்தோர் நூற்றுவருள் இருவர் கடுந்துன்பமுறுவோர். ஐம்பது ஆசிரியருள்ள கல்லூரியொன்றில் ஏழு பேர்க்கேனும் இவ்வோசை கேட்கும் என்பது இதனாற் பெறப்படும். எவரும் இதனைப் பற்றிக் கதைப்பதில்லை. பிறர் கேட்கமாட்டாத ஓசையைக் கேட்பதாகச் சொல்ல நாணுகின்றனர்.

எனக்கு இது வெளிப்பட்ட வகை சற்றே வேடிக்கையானது. பதினோராந் தர வகுப்பில் மாணாக்கர் தாம் எழுதிய வாக்கியங்களை வாசித்துக்கொண்டிருந்தனர். பின்வரிசை மாணவனொருவன் தன் வாக்கியத்தை வாசித்தான். ‘அவன் முயற்சிக்குப் படை வந்தது’ என்று என் காதில் விழுந்தது. சொற்பொருத்தம் இல்லையென அவனைக் கண்டித்தேன். அவன் எழுந்து, “சேர், நான் தடை எண்டுதான் வாசிச்சனான்” என்றான். வகுப்பு முழுவதும் அவன் கூறியதே சரியென்றது. அன்றிரவு படுத்திருக்கையில், சில மாதங்களாகவே வேலிப் பூவரசிலிருந்து கேட்கின்றதென யான் எண்ணியிருந்த சில்வண்டின் ஓசை நினைவுக்கு வந்தது. காலையில் அம்மாவிடம் வினவினேன். “இந்தப் பக்கம் சில்வண்டு எங்கையடா தம்பி இருக்கு?” என்றார்.

இவ்விரண்டும் ஒன்றோடொன்று தொடர்புடையன என்பதை விளங்கிக்கொள்வதற்குச் செவியின் அமைப்பைச் சிறிது அறிதல் வேண்டும். செவிப்பறையில் மோதும் ஒலியதிர்வு, மூன்று சிற்றென்புகளின் வழியே உட்செவியை அடைகின்றது. ஆங்கே நத்தையோடு போலச் சுருண்ட உறுப்பொன்று உண்டு. அதனுள் மயிர்க்கலங்கள் என்பன நிரை நிரையாக நிற்கின்றன: உள்நிரையில் ஏறத்தாழ 3,500, புறநிரைகளில் ஏறத்தாழ 12,000. சுருளின் அடிவாயில் நிற்பவை உச்சச் சுருதிகளையும், உள்முனையில் நிற்பவை தாழ்ந்த சுருதிகளையும் ஏற்கும். இச்சுருளினுள் அதிர்வு அலையாகச் செல்லும் முறையை ஆராய்ந்து கண்டமைக்காகவே கியோர்க் வொன் பெக்கெசி 1961 இல் நோபெல் பரிசு பெற்றார். பறவைகளுக்கு மயிர்க்கலங்கள் அழிந்தால் மீள முளைக்கும். மனிதருக்கு முளைப்பதில்லை.

பேரோசையால் முதலிற் கெடுவன பெரும்பாலும் 4000 ஹேட்ஸ் அளவிலான உச்சச் சுருதிகளை ஏற்கும் கலங்களே. தமிழிலே உயிரொலிகளின் பெரும்பகுதி தாழ்ந்த சுருதிகளில் அடங்கும். ககர, சகர, தகர, பகரங்களை ஒன்றினின்றொன்று பிரித்தறிவதற்கோ உச்சச் சுருதிகளின் உதவி பெரிதும் வேண்டும். கடை, சடை, தடை, படை என்னும் நான்கையும் தூரத்தே நின்று ஒருவர் மெல்லச் சொல்லக் கேட்டுப் பார்க்கலாம். உச்சச் சுருதி இழந்தவர்க்கு இவை நான்கும் ஒரு சொல்லாகவே தோன்றும். ‘பேச்சுக் கேட்கின்றது, விளங்கவில்லை’ என்று முதியோர் முறையிடுவது இதனாலேயே. அவர்களிடம் உரக்கக் கத்துவதிற் பயனில்லை. எதிரே நின்று நிதானமாகப் பேசுதலே பயன் தரும்.

என் செவிப்புலனை அளந்தபோது வரைபடத்திற் கோடு 4000 ஹேட்ஸிற் பள்ளமாக இறங்கியிருந்தது. பெருவெடியோசை எதனையேனும் அருகிற் கேட்டதுண்டா என வைத்தியர் வினவினார். போர்க்காலத்திற் சிறுபராயத்தைக் கழித்த எம்மிடம் கேட்கத் தகும் கேள்விதான் அது. வீட்டுக்கு அண்மையில் எறிகணை வீழ்ந்த ஒரு நாளில், இரு காதும் இரண்டு நாள் ‘கீ’ என்று கத்தின, பின்னர் ஓய்ந்தன, மாறிவிட்டது என்றே வீட்டிலுள்ளோர் அனைவரும் கொண்டோம். எலிகளை வைத்து நிகழ்த்தி 2009 இல் வெளியிடப்பட்ட ஆய்வொன்று, பேரோசைக்குப் பின் கேள்வித்திறன் முன்போல் மீண்டுவிட்டதெனத் தோன்றினும், மயிர்க்கலங்களுக்கும் நரம்புக்கும் இடையிலுள்ள இணைப்புகளிற் பல மீளாது அழிந்துபோவதைக் காட்டியது.

மயிர்க்கலம் அழிந்தால் ஓசை குறைதல் இயல்பு. இல்லாத ஓசை பிறப்பது எவ்வாறு? வானொலிப் பெட்டியை நினைக்க. தொலைவிலுள்ள நிலையத்தின் ஒலி மெலிந்து வருமிடத்து நாம் ஒலிக்குமிழைத் திருப்பிக் கூட்டுகின்றோம். அப்பொழுது பெட்டியின் சொந்த இரைச்சலும் கூடவே எழுகின்றது. மூளையும் அங்ஙனமே. ஒரு சுருதியிலிருந்து வரவேண்டிய செய்தி குறைந்துவிட, அது தன் உணர்திறனைக் கூட்டிக்கொள்கின்றது. நரம்புப் பாதையில் எப்போதும் நிகழ்ந்துகொண்டிருக்கும் மெல்லிய துடிப்புகள் அப்போது ஓசையாக உணரப்படுகின்றன என்பதே இன்று பெரும்பாலான ஆய்வாளர் கொள்ளும் விளக்கம். போரிற் காலிழந்தோர் சிலர், இல்லாத பாதத்தில் நோவும் அரிப்பும் உணர்வதாகச் சொல்ல நாம் கேட்டிருக்கின்றோம். அது போல்வதே இது. செவிநரம்பை அறுத்த பின்னும் நோயாளர் பலருக்கு இரைச்சல் நிற்கவில்லை என்பது, ஓசை இருக்குமிடம் காது மட்டுமன்று என்பதை உறுதிப்படுத்தியது.

நோயற்றவரும் இவ்வோசைக்கு முற்றும் புறம்பானவர் அல்லர். 1953 இல் ஹெல்லர், பேர்க்மன் என்னும் இருவர், கேள்வியிற் குறையில்லாத 80 பேரை ஒலிபுகா அறையொன்றில் அமர்த்தி, கேட்கும் ஓசைகளைக் குறிக்கும்படி பணித்தனர். நூற்றுக்கு 94 பேர் ஏதோவோர் ஓசை கேட்பதாகக் குறித்தனர். முழு அமைதியில் மூளை சும்மா இருப்பதில்லை.

இனி, வைத்தியரிடம் செல்வோர் தம் ஓசை எத்தன்மைத்து எனச் சொல்லத் தெரிதல் பெரிதும் உதவும். தமிழாசிரியன் என்ற முறையில் இவ்விடத்திற் சிறிது தங்குவதை வாசகர் பொறுப்பாராக. நம் மொழியில் ஓசைக்குரிய சொற்கள் பல. கடலும் காற்றும் இரையும், வண்டு முரலும், மணி கணகணக்கும், சீழ்க்கை, துடிப்பு, சொடுக்கு என்பன வேறு. ‘காதுக்குள்ளே சத்தம்’ என்று பொதுப்படச் சொல்வார்க்கு வைத்தியர் மேலும் பத்துக் கேள்விகள் கேட்கவேண்டி நேரும். சீழ்க்கைபோலும் சில்வண்டுபோலும் உயர்ந்து ஒலிப்பது பெரும்பாலும் உச்சச் சுருதிக் கேள்வியிழப்போடு வருவது. கடல்போல் தாழ்ந்து இரைவதோடு, காது அடைத்தாற்போலிருந்து இடையிடையே தலைசுற்றலும் வாந்தியும் வருமாயின், 1861 இல் புரோஸ்பெர் மெனியேர் விளக்கியுரைத்த நோயாக இருத்தல் கூடும். நாடித்துடிப்போடு ஒத்து அடிப்பதாயின் அது குருதிக்குழாய்களோடு தொடர்புடையதாகலாம். அதனை ஆராயாது விடுதல் ஆகாது. ‘டக், டக்’ எனச் சொடுக்குவது நடுச்செவியினதோ அண்ணத்தினதோ தசை இழுப்பாக இருக்கலாம். பல்லைக் கடிக்கும்போதோ கழுத்தைத் திருப்பும்போதோ ஓசை மாறுமாயின் அதனையும் சொல்லல் வேண்டும்.

இவ்விடத்தில் ஒன்று நினைவுக்கு வருகின்றது. திருமூலர் திருமந்திரம், யோகியர் அகத்தே கேட்கும் பத்துவகை ஓசைகளைக் கூறும். மணி, கடல், வண்டு, சங்கு முதலியவற்றின் ஓசைகள் அவற்றுள் அடங்கும். என் நிலையறிந்த பெரியவரொருவர், “தம்பி, உமக்கு நாதம் கேட்கத் தொடங்கியிட்டுது, பயப்படாதையும்” என்று ஆறுதல் சொன்னார். அவர் அன்பை மதிக்கின்றேன். ஆயினும் ‘படை’ எனக் கேட்டு மாணாக்கனைக் கண்டித்தவனுக்கு வாய்த்தது யோகசித்தியன்று என்பதை யான் அறிவேன்.

நீக்கத்தக்க காரணங்கள் சில உள. முதலாவது குறும்பி. அது செவிக்குழாயை அடைத்தால் இரைச்சல் எழும். முறைப்படி எடுத்துவிட மாறும். பஞ்சுக்குச்சி அதனை மேலும் உள்ளே தள்ளுமேயன்றி வெளியே கொணராது. பறையில் துளையிருப்பின் காதினுள் எண்ணெய் விடுதல் தீங்கு. அடுத்தன மருந்துகள். மிகுதியாக உட்கொள்ளும் அஸ்பிரின் காதை இரையச் செய்யும், நிறுத்தத் தணியும். கொயினாவும் இரையச் செய்யும். 1934–35 இல் இலங்கையை வாட்டிய மலேரியாக் கொள்ளைநோயின்போது அது பெருமளவில் வழங்கப்பட்ட மருந்து. ஸ்ரெப்ரோமைசின், ஜென்ராமைசின் முதலிய ஊசிமருந்துகளும், புற்றுநோய்க்குத் தரும் சிஸ்பிளாற்றினும் உட்செவியைக் கெடுக்க வல்லன. இவற்றாலான கேடு பலருக்கு மீள்வதில்லை. இதனை வாசித்துவிட்டு எவரும் தாமாக மருந்தை நிறுத்திவிடலாகாது. இரைச்சல் தொடங்கியதை மருந்து தந்த வைத்தியருக்கு உடனே அறிவித்தலே முறை.

காலந்தாழ்த்தாது செல்லவேண்டிய நிலைகளுள் முதன்மையானது, ஒரு காதிற் கேள்வி திடீரெனக் குன்றுதல். காலையில் எழும்போது ஒரு காது கேளாதாகி இரைச்சலும் தொடங்கியிருப்பின், ‘தடிமனாக்கும், இரண்டு கிழமை பார்ப்போம்’ என்றிருத்தல் பெருந்தவறு. ஸ்ரீரொயிட் மருந்து முதற் சில நாள்களிலேயே தரப்படின் கேள்வி மீள வாய்ப்புண்டு. நாள் செல்லச் செல்ல அவ்வாய்ப்பும் குறையும். ஒரு காதில் மட்டும் நீடிக்கும் இரைச்சல், நாடியோடு துடிக்கும் இரைச்சல், முகத்தசைத் தளர்வோடும் தலைசுற்றலோடும் வருவது, தலையிலடிபட்டபின் வருவது என்பனவும் காதுமூக்குத் தொண்டைச் சிகிச்சைப் பிரிவிற் காட்டத்தக்கன. இரு காதிலும் ஒரேவகையாக ஒலித்து, வேறு குறியெதுவும் இல்லாதவிடத்துத் தலையை ஸ்கான் செய்தல் பெரும்பாலும் வேண்டப்படுவதில்லை.

காரணம் எதனையும் நீக்க முடியாதவிடத்து என் செய்வது? பெரும்பாலானோர் நிலை இதுவே. இரைச்சலை நிறுத்துவதற்கென அங்கீகாரம் பெற்ற குளிசை எதுவும் இன்றுவரை இல்லை. யான் இரண்டு மாதமாக விலையுயர்ந்த சத்துக்குளிசைகளும், வெளிநாட்டிலிருந்து வருவித்த ஜின்கோ இலைச்சாரமும் உட்கொண்டேன். பணம் குறைந்தது, ஓசை குறையவில்லை. அமெரிக்கக் காதுமூக்குத் தொண்டை வைத்தியர் கழகம் 2014 இல் வெளியிட்ட வழிகாட்டி, இவற்றைப் பரிந்துரைக்கலாகாது என்றே கூறியிருந்தது. அதனை முன்னரே வாசித்திருந்தேனல்லேன். தேநீரை அறவே விட்டால் மாறும் என்பதற்கும் தக்க சான்றில்லை. தேநீரையும் யான் ஒரு மாதம் விட்டிருந்தேன். அம்மாதம் தலையிடியும் சேர்ந்துகொண்டது.

அவ்வழிகாட்டி ஏற்பன வேறு. கேள்விக்குறைவு உள்ளோர்க்குச் செவிப்புலன் கருவி முதலாவது. இழந்த சுருதியின் ஒலிகளை அது மீண்டும் தருதலால், மூளை தன் ஒலிக்குமிழைச் சற்றே தாழ்த்த இடமுண்டாகின்றது. மூக்குக்கண்ணாடி அணிவதற்கு நாணாத நம்மவர், செவிக்கருவி அணிவதற்கு நாணுவதன் காரணம் எனக்கு விளங்கவில்லை.

இரண்டாவது, மெல்லிய புறவோசையைத் துணைக்கொள்ளுதல். காதினுள் எழும் இரைச்சல் புறவோசையால் அடங்குவது ஏன் என்னும் வினா, அரிஸ்ரோட்டிலின் பெயரால் வழங்கும் ‘பிரச்சினைகள்’ என்னும் நூலிலேயே எழுப்பப்பட்டுள்ளது. பிரெஞ்சு வைத்தியர் இற்றார் 1821 இல் வெளியிட்ட காதுநோய் நூலிலும் புறவோசையால் இரைச்சலை மறைக்கும் முறை பேசப்பட்டுள்ளது. நமக்கு ஒரு மின்விசிறி போதும். மழையோசையையோ கடலோசையையோ ஒலிக்கும் சிறு கருவியும் ஆகும். ஒன்று கவனிக்க: புறவோசை இரைச்சலை முற்றும் மூடுமளவு உரக்க இருத்தல் வேண்டா. இரண்டும் கலந்து கேட்குமாறு, சற்றே தாழ்த்தி வைத்தல் நன்று. மூளை பழகவேண்டியது இரைச்சலோடாதலின், அதனை முற்றும் மறைத்துவிட்டால் எதனோடு பழகும்?

பழகுதல் என்பதே இதன் உயிர்நிலை. நோயாளர் கேட்கும் ஓசைக்குச் சமமான ஓசையை வெளியே ஒலித்து அளந்தால், அது பெரும்பாலும் அவர் கேட்கத் தொடங்கும் எல்லைக்கு மேல் 10 டெசிபெல்லுக்கும் குறைந்ததாகவே இருக்கும். அத்துணைச் சிறிய ஓசை ஒருவரை இரவு முழுவதும் விழித்திருக்கச் செய்வது ஏன்? 1990 இல் ஜஸ்ரெபொவ் என்பார் கூறிய விளக்கம் யாதெனின், மூளை அவ்வோசையை ஆபத்தின் அறிகுறியாகக் குறித்துவிடுகின்றது, அச்சமெழுகின்றது, அச்சத்தால் மேலும் உற்றுக் கேட்கின்றோம், உற்றுக் கேட்பதால் அது மேலும் உரத்துத் தோன்றுகின்றது. கடற்கரையோரத்து ஊரவர் அலையோசையைக் கேட்பதில்லை; புகையிரதப் பாதையருகே வாழ்வார் இரவு வண்டிக்கு விழிப்பதில்லை. அவை உரத்த ஓசைகளேயாயினும், பொருட்படுத்த வேண்டாதவை என மூளை கற்றுவிட்டது. இரைச்சலையும் அங்ஙனம் கற்கச் செய்யலாம். அதற்கு நாள்களல்ல, மாதங்கள் வேண்டும்.

அக்கல்விக்கு மிகுந்த சான்றுடையது, எண்ணங்களையும் நடத்தையையும் மாற்றும் உளவியற் சிகிச்சை. 2020 இல் வெளியான ஆய்வுத் தொகுப்பொன்று, இச்சிகிச்சை வாழ்க்கையின்மீது இரைச்சல் செலுத்தும் தாக்கத்தைக் குறைக்கின்றது எனக் கண்டது. ஓசையின் அளவைக் குறைப்பதாக அது கூறவில்லை. ‘இனி எனக்கு அமைதியே இல்லை’, ‘மூளையில் கட்டியோ?’, ‘நாளை செவிடாவேனோ?’ என நள்ளிரவில் எழும் எண்ணங்களை எடுத்து, ஒவ்வொன்றும் மெய்யோ எனச் சோதிக்கப் பழக்குவதே அதன் வழி. உறக்கமின்மையும் மனச்சோர்வும் மிகுந்து வாழ்வில் வெறுப்புத் தோன்றுமளவுக்குச் சென்றோர், காது வைத்தியரோடு நில்லாது மனநல வைத்தியரையும் நாடுதல் வேண்டும். அதில் இழுக்கேதுமில்லை.

இழுக்கென எண்ணி மறைத்தவர் கதையை உலகறியும். 1801 ஆம் ஆண்டு ஆனி மாதத்தில் இசைமேதை பேத்தோவன் தம் நண்பராகிய வைத்தியருக்கு எழுதிய கடிதத்தில், தம் காதுகள் இரவும் பகலும் ஓயாது இரைவதையும், கேள்விக்குறையை வெளியிட நாணி ஈராண்டளவாகப் பிறரோடு கூடாதிருப்பதையும் தெரிவித்தார். பொகீமிய இசையாளர் ஸ்மெற்றானா வேறுவகையானவர். 1874 இற் கேள்வியை இழந்த அவர், 1876 இல் இயற்றிய நரம்பிசை நால்வர் உருப்படியின் இறுதிப்பகுதியில், தம் காதில் ஒலித்த அந்த உச்ச சுரத்தையே வயலினில் நீளமாக ஒலிக்கும்படி எழுதிவைத்தார். கேட்பவர் திடுக்கிடுவர். பிறர் ஒருபோதும் கேளாத ஓசையை அவர் அவ்வாறு கேட்கச் செய்தார்.

மாணாக்கருக்குச் சொல்லவேண்டியது காப்பினைப் பற்றியது. அமெரிக்காவின் தேசியத் தொழிற்பாதுகாப்பு, சுகாதார நிறுவனம் 1998 இல் வகுத்த அளவின்படி, 85 டெசிபெல் ஓசையில் நாளொன்றுக்கு 8 மணி நேரம் இருக்கலாம். ஒவ்வொரு 3 டெசிபெல் கூடுந்தோறும் நேரம் பாதியாகும். 100 டெசிபெல்லில் 15 நிமிடமே. திருவிழாவில் ஒலிபெருக்கிக் கூம்பின் நேர்முன்னே நிற்போரும், துடுப்பாட்டப் போட்டியில் வாத்தியக் கோஷ்டிக்கு நடுவே நின்று ஆடுவோரும், கைபேசியின் ஒலியை முழுதும் கூட்டிக் காதினுட் செருகித் துயில்வோரும் இக்கணக்கைப் போட்டுப் பார்க்கலாம். தவிற்கலைஞர்க்கும் மரமாலைத் தொழிலாளர்க்கும் காதடைப்பான் வேண்டும். அடைப்பானை அமைதியான இடத்திலும் அணிந்து திரிதல் ஆகாது. செய்தி குறையக் குறைய மூளை தன் ஒலிக்குமிழை மேலுங் கூட்டும்.

ஆசிரிய நண்பர்க்கு ஒரு வேண்டுகோள். இரைச்சலுடையவர் உங்கள் அறையில் இருப்பாராயின், அவரோடு அவர் முகம் நோக்கிக் கதையுங்கள்; மின்விசிறிக்குக் கீழுள்ள இருக்கையை அவர் கேட்பாராயின் விட்டுக்கொடுங்கள். ‘இன்றைக்கும் கேட்கிறதா?’ என நாடோறும் வினவுதல் மட்டும் வேண்டா. அவர் அதனை மறந்திருந்த வேளையில் நீங்களே நினைவூட்டியவர் ஆவீர்கள்.